குறுக்கே கட்டிய கொடி

மஞ்சமலைக் காட்டில் ஒரு பெரிய குளம் இருந்தது. அதன் கரையில் பவளாயி என்ற நீர்நாய் வாழ்ந்து வந்தது.

குளத்துக்கு இரண்டு மதகுகள். கிழக்குக் கோடியில் இருந்த மதகு வழியாக ஆற்றுத் தண்ணீர் உள்ளே வரும். மேற்குக் கோடியில் இருந்த மதகு வழியாக மிஞ்சிய தண்ணீர் வெளியே போகும். இரண்டுக்கும் பலகைக் கதவு உண்டு. பலகையைத் தூக்கினால் தண்ணீர் ஓடும். விட்டுவிட்டால் பலகை விழுந்து அடைத்துக்கொள்ளும்.

கரைக்குக் கீழே பள்ளத்தில் முயல்கள், முள்ளெலிகள், காடைகள் என்று நிறையக் குடும்பங்கள் இருந்தன. கரை நின்றால்தான் அவற்றுக்கு வாழ்வு. அதனால் மதகைக் காக்கிற வேலை பெரிய வேலை. அந்த வேலையைத்தான் பவளாயி பார்த்து வந்தது.

முன்பெல்லாம் ஒரு பலகையைத் தூக்கக் கிழக்கே ஓட வேண்டும். இன்னொன்றைத் தூக்க மேற்கே ஓட வேண்டும். பவளாயிக்கு நாக்குத் தள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் சிங்காரம் என்ற மயில் முன்வந்தது.

"நடுக்கரையில நாவல் மரம் நிக்குது பாருங்க! ரெண்டு பலகையிலயும் கொடியைக் கட்டி மரத்து மேல கொண்டு வந்து தொங்க விட்டுடறேன். ஒரே இடத்துல நின்னு ரெண்டையும் இழுக்கலாம்!"

காட்டுத் தலைவர் மலையப்பர் ஒரு காட்டெருது. அவருக்கு யோசனை பிடித்துவிட்டது. "செய்யப்பா!" என்றார்.

சிங்காரம் செய்தது. நன்றாகத்தான் செய்தது. ஆனால் அதற்கு எல்லாமே பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். கொடிகளை நேராகத் தொங்க விடாமல், மரத்தின் உச்சியில் ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுச் சடை பின்னுவது போலப் பின்னிவிட்டது. பின்னிய பிறகு கிழக்கு மதகின் கொடி மரத்தின் மேற்குப் பக்கம் தொங்கியது. மேற்கு மதகின் கொடி கிழக்குப் பக்கம் தொங்கியது. இரண்டும் ஒரே தடிமன், ஒரே நீளம், ஒரே பச்சை. நுனி இரண்டும் மயிலின் அலகு எட்டுகிற உயரத்தில் ஆடின.

காடே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. "ஆகா! என்ன பின்னல்! என்ன பின்னல்!" என்று குரங்குகள் குதித்தன.

கூட்டத்தில் வேலாத்தா என்ற முள்ளம்பன்றியும் நின்றது. வேலாத்தாவுக்கு எதைப் பார்த்தாலும் கவலை. வளை வாசலில் ஒரு கல் உருண்டு கிடந்தால் கூட, "யாராவது இடறிட்டா?" என்று பத்துத் தடவை பார்க்கும். கவலை வந்தால் அதன் முதுகு முள் எல்லாம் நட்டுக்கொள்ளும். அன்றைக்கும் நட்டுக்கொண்டது.

"ஏனுங்க சிங்காரண்ணே, மேற்கே தொங்குற கொடியை இழுத்தா கிழக்கால பலகை தூக்குதே. அவசரத்துல கை மாறிப் போயிடாதுங்களா?"

சிங்காரம் கழுத்தை நிமிர்த்திச் சிரித்தது. "நேரா விட்டா மாட்டுக் கயிறு மாதிரி இருக்கும் புள்ளே! இது கலை! எந்தக் கொடி எதுக்குன்னு இழுக்கறவதான் ஞாபகம் வெச்சுக்கோணும். மண்டை பின்ன எதுக்கு இருக்குது?"

"வேலாத்தாவுக்கு முள்ளு நட்டுக்கிச்சு! எங்கேயோ ஓர் எறும்பு தும்மியிருக்கும்!" என்றது ஒரு குரங்கு. எல்லோரும் சிரித்தார்கள். வேலாத்தா வளைக்குப் போய்விட்டது.

இழுக்கப் போகிற பவளாயியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் எதுவும் சொல்லவில்லை. இத்தனை பேர் புகழ்கிற பொருளை நாம் எப்படிக் குறை சொல்வது என்று நினைத்துக்கொண்டது.

இரண்டு மழைக்காலம் போயிற்று. பவளாயி ஒரு தடவை கூடத் தவறு செய்யவில்லை. மரத்தடிக்கு வந்ததும் ஒரு நொடி நிற்கும். "கிழக்குக்கு மேற்கு, மேற்குக்குக் கிழக்கு" என்று முணுமுணுக்கும். பிறகு எம்பிக் குதித்துச் சரியான கொடியைப் பிடிக்கும். இழுத்து, மரத்தில் இருந்த முளையில் மாட்டும்.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் மலை மேல் பேய் மழை கொட்டியது.

நடுப்பகலில் ஒரு காடை அலறிக்கொண்டு பறந்து வந்தது. "பவளாயக்கா! வெள்ளம்! மலையில இருந்து வெள்ளம் இறங்குது! குளம் நிரம்பப் போகுது!"

பவளாயி திரும்பிப் பார்த்தது. குளத்துத் தண்ணீர் கண் முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது. மேற்கு மதகைத் திறந்தால் தண்ணீர் வடிந்துவிடும். மேற்கு! மேற்கு! அதன் கண் மேற்கே மதகைப் பார்த்தது. கை மேற்கே தொங்கிய கொடியைப் பிடித்தது. இருந்த பலத்தை எல்லாம் கூட்டி இழுத்தது.

கிழக்குப் பலகை தூக்கிக்கொண்டது. ஆற்று வெள்ளமும் குபுகுபுவென்று குளத்துக்குள் பாய்ந்தது!

"ஐயோ!" என்று கத்தியபடி பவளாயி கொடியை விட்டது. அதற்குள் கரையில் வாய் போல ஒரு உடைப்பு விழுந்துவிட்டது.

நல்ல வேளை, காடையின் அலறலைக் கேட்டுப் பள்ளத்தில் இருந்தவர்கள் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை. ஆனால் வளைகள் போயின. சேர்த்து வைத்த கிழங்கும் கொட்டையும் போயின. வெள்ளம் வடிந்து மூன்று நாள் எல்லோரும் களிமண் சுமந்து உடைப்பை அடைத்தார்கள். குளம் காலியாகக் கிடந்தது.

நான்காம் நாள் மலையப்பர் கூட்டம் போட்டார்.

முதலில் மாரப்பன் என்ற நரி எழுந்தது. மதகுக் காவல் வேலையைத் தன் மச்சானுக்கு வாங்கித் தர வேண்டும் என்று அதற்கு வெகு நாளாக ஆசை.

"தூங்கியிருப்பா! இல்லாட்டி மீன் தின்னுட்டு இருந்திருப்பா! இப்படிப்பட்டவளை மதகுல வெச்சா நாம எல்லாம் மிதந்துதான் போகோணும். என் மச்சான் துரைசாமி சும்மாதான் இருக்கான். பொறுப்பான பையன்!"

"உன் மச்சான் சும்மா இருக்கறது ஊருக்கே தெரியும்" என்றது ஒரு கிழட்டு முயல்.

சிங்காரம் தோகையைச் சரிசெய்துகொண்டு வந்தது. "என் கொடி அறுந்துச்சா? இல்லை. சிக்கிச்சா? இல்லை. இழுத்ததும் பலகை தூக்குச்சு. அப்ப கொடி மேல என்ன குத்தம்? இழுத்த கை மேலதான் குத்தம்!"

மலையப்பர் பவளாயியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

பவளாயி தலையைக் குனிந்துகொண்டது. "தப்புக் கொடியைத்தானுங்க இழுத்துட்டேன். என் கைதான் தப்பு. வேற என்னத்தைச் சொல்ல?"

"அப்படின்னா நீ இந்தக் குளத்தை விட்டுப் போகத்தான் வேணும். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள கிளம்பிடு" என்றார் மலையப்பர்.

பவளாயி அந்த மழைக்காலத்தில் பிறந்திருந்த தன் இரண்டு குட்டிகளைப் பார்த்தது. கண் திறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அடுத்த தண்ணீர் என்றால் பாறைமேட்டைத் தாண்டி இரண்டு நாள் நடை. வழியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. வானத்தில் பருந்துகள். இரண்டு குட்டிகளையும் ஒரே வாயில் கவ்விக்கொண்டு போக முடியாது. ஒன்றை விட்டுவிட்டு எப்படிப் போவது?

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் சரசரவென்று சத்தம் கேட்டது. வேலாத்தாவின் முள் எல்லாம் நட்டுக்கொண்டு நடுங்கியது.

"ஐயா... ஒரு வார்த்தைங்க."

"வந்துட்டா! இப்ப எந்த எறும்பு தும்முச்சோ!" என்றது குரங்கு.

ஆனாலும் வேலாத்தா பேசியது. "ரெண்டு வருஷம் தப்பாத கை, ஒரு நாள்ல எப்படிங்க தப்பும்? நம்மள்ல யாரா இருந்தாலும் அன்னைக்கு அந்தக் கொடியைத்தான் இழுத்திருப்போம். எனக்கு நாளைக்கு ஒரு நாள் குடுங்க. நிரூபிச்சுக் காட்டறேன்."

"நிரூபிக்க முடியலைன்னா?" என்றது நரி.

வேலாத்தா பவளாயியின் பக்கத்தில் போய் நின்றது. "முடியலைன்னா நானும் அவளோட கிளம்பறேன். ஆளுக்கொரு குட்டியைத் தூக்கிட்டுப் போறோம்."

மலையப்பர் மெல்லத் தலையாட்டினார். "சரி. நாளைக்குக் காலையில காட்டு."

வீட்டுக்கு வரும் வழியில் பவளாயி அழுதது. "ஏன்க்கா இப்படி மாட்டிக்கிட்டீங்க? நான்தான் தப்புன்னு ஒத்துக்கிட்டேனே!"

"அழுவாம வா. மரத்தடியில நின்னு, அன்னைக்கு என்ன செஞ்சியோ அதையே திரும்பச் செய்."

பவளாயி செய்து காட்டியது. ஒரு தடவை, இரண்டு தடவை, பத்துத் தடவை. வேலாத்தா அதன் கையைப் பார்க்கவில்லை. கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. மேற்கு மதகைத் திறக்க வேண்டும் என்றால் பவளாயியின் கண் முதலில் மேற்கே போயிற்று. கண் போன பக்கம் கையும் போகப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் பவளாயி அந்தக் கையை நிறுத்தி, யோசித்து, மறுபக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

"யோசிக்க நேரம் இருந்தா நீ ஜெயிக்கறே. நேரம் இல்லாட்டி கொடி ஜெயிக்குது" என்றது வேலாத்தா. அதன் முள் மெல்ல அடங்கியது.

மறுநாள் காலை காடு முழுக்கக் குளத்தங்கரைக்கு வந்துவிட்டது. வேலாத்தா எல்லோரையும் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் நிற்க வைத்தது. மலையப்பரும் சிங்காரமும் மட்டும் மரத்தடியில் நின்றார்கள்.

"எல்லாரும் மூணு தரம் சத்தமாச் சொல்லுங்க. மேற்குக் கொடி கிழக்கு மதகுக்கு. கிழக்குக் கொடி மேற்கு மதகுக்கு."

எல்லோரும் சொன்னார்கள். "இது என்ன சின்னப் புள்ளை வெளையாட்டு!" என்று முனகிக்கொண்டே சொன்னார்கள்.

"இப்ப ஒவ்வொருத்தரா வாங்க. நான் சொல்ற மதகைத் திறந்தாப் போதும்."

முதலில் புள்ளிமான் வந்தது. அது மரத்தடியை நெருங்கியதும் வேலாத்தா காலால் தரையைத் தட்டியது. உடனே, வேலாத்தா முன்பே சொல்லி வைத்திருந்தபடி, மரங்கொத்திகள் பட்ட மரத்தில் டமடமவென்று கொட்டின. கிளிகள் கிறீச்சிட்டன. கிளையில் ஒளிந்திருந்த குரங்குகள் சேற்றுத் தண்ணீரை அள்ளி மான் முகத்தில் வீசின. "வெள்ளம்! வெள்ளம்! மேற்கு மதகைத் திற!" என்று வேலாத்தா கத்தியது.

மான் ஒரே தாவலில் மேற்கே தொங்கிய கொடியைக் கவ்வி இழுத்தது. கிழக்குப் பலகை தூக்கிக்கொண்டது. ஆற்றுத் தண்ணீர் சலசலவென்று காலிக் குளத்துக்குள் வந்தது.

"ஐயையோ! எனக்குத் தெரியுமே! இப்பத்தானே மூணு தரம் சொன்னேன்!" என்றது மான்.

"தெரியும் கண்ணு. அப்படி ஓரமாப் போயி உட்காரு. அங்க யார்கிட்டயும் சொல்லாதே."

அடுத்து முயல் வந்தது. அதுவும் மேற்குக் கொடியையே பிடித்தது. காட்டுப்பன்றி கொடியை அறுக்காத குறையாக இழுத்தது. அதுவும் மேற்குக் கொடிதான். கொஞ்ச நேரம் முன்பு சேறு வீசிய குரங்கையே இறங்கி வரச் சொன்னார்கள். மேலே இருந்து எல்லாவற்றையும் பார்த்த குரங்கு, "நான் தப்பவே மாட்டேன்!" என்று மார் தட்டிக்கொண்டு வந்தது. முகத்தில் சேறு விழுந்ததும் அது இரண்டு கொடிகளையும் சேர்த்துப் பிடித்து இழுத்துவிட்டது.

ஆமை மட்டும் சரியான கொடியைப் பிடித்தது. ஆனால் அது நின்று, யோசித்து, மரத்து வேர் மேல் ஏறிக் கழுத்தை நீட்டி, மறுபடி யோசித்து, கொடியைப் பிடிப்பதற்குள் மரங்கொத்திகள் கொட்டிக் களைத்துப் போய்விட்டன.

"சரியா இழுத்தேனா?" என்றது ஆமை.

"ரொம்பச் சரிங்க. ஆனா வெள்ளம் வந்து கரையை உடைச்சுட்டுத் திரும்பிப் போயிடுச்சுங்க" என்றது வேலாத்தா.

மலையப்பர் கூட வாய்விட்டுச் சிரித்தார்.

நரி மாரப்பன் வந்தபோது உதடு அசைந்துகொண்டே இருந்தது. "கிழக்குக்கு மேற்கு, மேற்குக்குக் கிழக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டு வந்தது. மரங்கொத்திகள் கொட்டின. சேறு விழுந்தது. "வெள்ளம்!" என்று குரல் கேட்டதும் நரி பாதியில் நின்றது. "எதுக்கு எது? ஏய், நிறுத்துங்க! எதுக்கு எது?" என்று கத்திக்கொண்டே மேற்குக் கொடியைப் பிடித்துத் தொங்கியது.

அதன் மச்சான் துரைசாமி கொடிப் பக்கமே வரவில்லை. முதல் டமடமவுக்கே காட்டுக்குள் ஓடிவிட்டது.

இப்படி இருபத்து மூன்று பேர் இழுத்தார்கள். ஆமையைத் தவிர ஒருவரும் சரியாக இழுக்கவில்லை. எல்லோருடைய தவறும் சேர்ந்து, காலியாகக் கிடந்த குளத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது!

சிங்காரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "இதெல்லாம் ஒரு சோதனையா? எல்லாம் பயந்தாங்கொள்ளிக! எப்படி இழுக்கறதுன்னு நான் காட்டறேன்!"

அது தோகையை விரித்து, நிதானமாக நடந்து போய், கிழக்கே தொங்கிய கொடியைக் கவ்வி இழுத்தது. மேற்குப் பலகை அழகாகத் தூக்கிக்கொண்டது.

"பார்த்தீங்களா! மண்டை இருக்கறவனுக்கு எல்லாம் முடியும்!" சிங்காரம் கொடியை விட்டுவிட்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. மாரப்பன் கூடக் கைதட்டியது. பவளாயியின் முகம் செத்துப்போயிற்று.

அந்த நொடியில் வேலாத்தா அலறியது. "சிங்காரண்ணே! உங்க குஞ்சுக! கரைக்குக் கீழ உங்க குஞ்சுக நிக்குது! கரை உடையுது! மேற்கு மதகு! மேற்கு மதகு!"

சிங்காரம் ஒரே பாய்ச்சல்! அகப்பட்ட கொடியைக் கவ்வியது! தொங்கியது!

கிழக்குப் பலகை டப்பென்று மேலே போயிற்று.

ஆற்றுத் தண்ணீர் குளத்துக்குள் சலசலக்கிற ஓசை மட்டும் கேட்டது. கொடியை வாயில் கவ்வியபடியே சிங்காரம் கிழக்கே பார்த்தது. பிறகு மேற்கே பார்த்தது. கரைக்குக் கீழே அதன் குஞ்சுகள் எதுவும் தெரியாமல் புழு பொறுக்கிக்கொண்டிருந்தன.

"நீ... நீ என்னைப் பயமுறுத்திட்டே!" என்றது சிங்காரம்.

"ஆமாங்கண்ணே, மன்னிச்சுக்குங்க" என்றது வேலாத்தா. "ஆனா வெள்ளமும் அதைத்தானே செய்யும்? முன்கூட்டிச் சொல்லிட்டா வரும்?"

சிங்காரம் தோகையை மடக்கிக்கொண்டது.

மலையப்பர் முன்னால் வந்தார். "நானா இருந்தாலும் அதைத்தான் இழுத்திருப்பேன். பவளாயி இங்கேயே இருக்கட்டும். வேலையும் அவளுக்கேதான்."

"அதெப்படி!" என்றது நரி. "எல்லாரும் தப்புப் பண்றோம்னு தெரிஞ்சு போச்சு. சரி. அடுத்த வெள்ளத்துல மறுபடியும் கரை உடையுமே! அதுக்கு என்ன வழி?"

நரி நல்ல எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். எல்லோரும் வேலாத்தாவைப் பார்த்தார்கள். வேலாத்தா பவளாயியைப் பார்த்தது.

"இழுக்கறவ நீ. உனக்கு எப்படி இருந்தா வசதி?"

இந்தக் கேள்வியை யாரும் பவளாயியிடம் கேட்டதே இல்லை. அதன் குறைகள் ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வந்தன. "கொடி எட்ட மாட்டேங்குதுங்க்கா. ரெண்டு வருஷமா எம்பி எம்பித்தான் பிடிக்கறேன். மழையில மரத்தடி வழுக்குது. குதிச்சு இறங்கும்போது ரெண்டு தடவை விழுந்திருக்கேன். அப்புறம் மழை அடிச்சா கண்ணைத் திறக்கவே முடியாது. எந்தக் கொடின்னு எப்படிப் பார்க்கறது?"

"இதை எல்லாம் முன்னயே சொல்றதுக்கென்ன?" என்றது சிங்காரம், மெதுவாக.

"நீங்க கேக்கலையேண்ணே."

அன்றைக்கே வேலை தொடங்கியது. முதலில் பின்னலைப் பிரித்தார்கள். கிழக்கு மதகின் கொடியைக் கிழக்கே விட்டார்கள். மேற்கு மதகின் கொடியை மேற்கே விட்டார்கள். பவளாயியைக் கொடிக்குக் கீழே நிற்க வைத்து, அது கையைத் தூக்கினால் எட்டுகிற இடம் வரை நுனியை இறக்கினார்கள். மரத்தடியில் சொரசொரப்பான கல்லைப் பதித்தார்கள். வேலாத்தா அதன் மேல் தண்ணீரைக் கொட்டி, தானே பத்துத் தடவை ஏறி இறங்கிப் பார்த்தது. ஓரிடத்தில் காலை வைத்ததும் கல் ஆடியது. எடுத்துவிட்டு மறுபடி பதிக்கச் சொன்னது.

கடைசியாகத் தண்ணீர் வெளியேற்றுகிற மேற்குக் கொடியில் மூன்று பெரிய முடிச்சுப் போட்டார்கள். உள்ளே விடுகிற கிழக்குக் கொடியை வழவழப்பாகவே விட்டார்கள்.

"முடிச்சு எதுக்கு?" என்று கேட்டார் மலையப்பர்.

"கண்ணுக்குத் தெரியாதப்போ கைக்குத் தெரியட்டும்னுங்க" என்றது வேலாத்தா.

எல்லாம் முடிந்ததும் சிங்காரம் தள்ளி நின்று பார்த்தது. "மாட்டுக் கயிறு மாதிரிதான் இருக்குது" என்று முனகியது. ஆனால் ஆடிய கல்லைத் தூக்கி வைக்கும்போது அதுவும் ஒரு கை கொடுத்திருந்தது.

கார்த்திகை பிறந்தது. ஒரு நாள் மத்தியானம் வானம் கறுத்தது. ஐப்பசி மழையை விடப் பெரிய மழை. மலை முழுக்க வெள்ளை வெள்ளையாக ஓடைகள் இறங்கின. காடை கத்தியது, ஆனால் மழை இரைச்சலில் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

பவளாயிக்குக் குளம்தான் சொன்னது. தண்ணீர் அதன் வளை வாசல் வரை வந்துவிட்டது. குட்டிகளை மேட்டில் விட்டுவிட்டு அது மரத்தடிக்கு ஓடியது. வழியில் ஒரு கிளை முறிந்து விழுந்து முகத்தில் சேற்றை அடித்தது. இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. துடைக்கத் துடைக்கச் சேறு.

கால் கல்லைத் தொட்டது. வழுக்கவில்லை. பவளாயி கண்ணை மூடியபடியே கையை நீட்டியது. வழவழவென்று ஒரு கொடி. அது இல்லை! கை அடுத்த பக்கம் போயிற்று. ஒரு முடிச்சு. இன்னொரு முடிச்சு. மூன்றாவது முடிச்சு.

இழுத்தது!

மேற்குப் பலகை தூக்கிக்கொண்டது. பவளாயி கொடியை முளையில் மாட்டிவிட்டு, விடாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டது.

பள்ளத்தில் இருந்தவர்கள் எல்லாம் மேட்டுக்கு ஓடி வந்து நின்றார்கள். எல்லோர் கண்ணும் கரை மேல். தண்ணீர் கரை மட்டத்துக்கு ஒரு சாண் வரை ஏறியது. நான்கு விரற்கடை வரை ஏறியது. வேலாத்தாவின் முள் அத்தனையும் வானத்தைப் பார்த்து நின்றது. பக்கத்தில் நிற்க யாருக்கும் தைரியம் இல்லை.

தண்ணீர் அங்கேயே நின்றது.

வெகு நேரம் நின்றது. பிறகு ஒரு விரல் இறங்கியது. இன்னொரு விரல் இறங்கியது.

"இறங்குது! இறங்குதுடோய்!" என்று குரங்குகள் கூவின. முயல்கள் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டன. சிங்காரத்தின் குஞ்சுகள் மழையில் கூத்தாடின. சிங்காரம் நனைந்த தோகையை இழுத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடி, கொடியை விடாமல் பிடித்திருந்த பவளாயியின் முகத்துச் சேற்றைத் தன் சிறகாலேயே துடைத்துவிட்டது.

"இனிமே எதைக் கட்டினாலும் உன்னையும் வேலாத்தாவையும் கேட்டுட்டுத்தான் கட்டுவேன்" என்றது.

"வேலாத்தாவைக் கேட்டா இந்தக் காட்டுல ஒரு கூடு கூடக் கட்டி முடிக்க முடியாது!" என்றது குரங்கு. இந்தத் தடவை வேலாத்தாவும் சேர்ந்து சிரித்தது.

மலையப்பர் பவளாயியையும் குட்டிகளையும் தன் முதுகில் ஏற்றிக்கொண்டார். கரை நெடுக ஊர்வலம் போயிற்று. முன்னால் மரங்கொத்திகள் கொட்டிக்கொண்டு போயின. நரி மாரப்பன் கூடக் கடைசியில் வந்தது. பள்ளத்தில் அதன் வளையும் தப்பித்திருந்தது.

"இன்னையில இருந்து ஒரு சட்டம்!" என்று மலையப்பர் முழங்கினார். "இந்தக் காட்டுல யார் எதைக் கட்டினாலும், அதை எடுத்துப் பொழங்கப் போறவங்களைக் கேட்டுத்தான் கட்டோணும். அவங்க கை எட்டுதா, கால் நிக்குதான்னு பார்த்துத்தான் கட்டோணும்!"

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, முதுகில் இருந்த பவளாயியிடம் சொன்னார். "அன்னைக்குக் கூட்டத்துல உன் கைதான் தப்புன்னு நம்பி உன்னைப் போகச் சொல்லிட்டேன் அம்மிணி. என் வாய்தான் தப்பு."

பவளாயி சிரித்தது. "வாயை ஏனுங்க திட்டறீங்க? நீங்க நின்ன இடத்துல இருந்து பார்த்தா என் கை மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும். கொஞ்சம் நகர்ந்து நின்னு பார்த்திருந்தா கொடியும் தெரிஞ்சிருக்கும்!"

ஒருவர் தவறு செய்துவிட்டால் அவர் கையைத் தண்டிக்கும் முன், அந்தக் கைக்குப் பொருந்துகிற கருவியைத்தான் கொடுத்தோமா என்று பார்க்க வேண்டும்.